சென்னை–லண்டன்: 8,230 கிலோமீட்டருக்கு 11 மணி நேரம் எப்படி வந்தது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டே எண்கள்தான். சென்னைக்கும் லண்டனுக்கும் எத்தனை கிலோமீட்டர், நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம். ஆனால் நீங்கள் எழுதியதை முழுதாகப் படித்தால் விஷயம் வேறு. கும்பகோணத்தில் இருக்கும் அப்பா முதல் முறையாக, அதுவும் தனியாக, டிசம்பர் நடுவில் உங்களிடம் லண்டனுக்கு வருகிறார். மே மாதம் ஊர் திரும்புகிறார். டிக்கெட்டில் சென்னைப் புறப்பாடு காலை 5.40, லண்டன் வருகை அன்றே காலை 11.10. திரும்பும்போது லண்டனில் மதியம் 1.15, சென்னையில் மறுநாள் விடியற்காலை 4.00. "போறதுக்கு அஞ்சரை மணி, வர்றதுக்கு பதினாலே முக்கால் மணியா?" என்று அப்பா கேட்கிறார். இணையத்தில் தேடினால் ஒரு தளம் தூரம் 8,230 என்கிறது, இன்னொன்று 5,114, மூன்றாவது 4,444. பயண நேரத்தை 9 மணி 50 நிமிடம் என்று ஒன்றும் 11 மணி என்று மற்றொன்றும் காட்டுகின்றன. இவற்றில் எதை நம்பி அப்பாவிடம் சொல்வது என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஒரு விமான நிறுவனத்தில் 19 ஆண்டுகள் டிஸ்பாட்ச் பிரிவில் இருந்தவன். ஒரு விமானம் எந்த வழியாக, எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கேப்டனிடம் கொடுக்கிற வேலை. நான் பைலட் இல்லை. பறந்ததெல்லாம் உங்கள் அப்பாவைப் போலப் பயணி இருக்கையில்தான். அதனால் விமானத்தை ஓட்டுவது பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். வழி, காற்று, கடிகாரம் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் தூரம். இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நீங்கள் பார்த்த மூன்று எண்களும் ஒரே தூரம்தான், அலகு மட்டும் வேறு. 8,230 கிலோமீட்டரை மைலாக மாற்றினால் சுமார் 5,114. கடல் மைலாக மாற்றினால் சுமார் 4,444. விமானத் துறையில் கணக்கெல்லாம் கடல் மைலில்தான். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சில தளங்கள் அலகைச் சொல்லாமல் எண்ணை மட்டும் போட்டுவிடுவதால் வருகிற குழப்பம் இது. 8,220, 8,240 என்று சின்ன வித்தியாசம் தென்பட்டால் அதையும் கண்டுகொள்ள வேண்டாம். மீனம்பாக்கத்திலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அளந்தார்களா, ஊர் நடுவிலிருந்து ஊர் நடுவுக்கு அளந்தார்களா, பூமியைச் சரியான உருண்டையாக வைத்துக்கொண்டார்களா, துருவங்களில் கொஞ்சம் அமுங்கிய உருண்டையாக வைத்துக்கொண்டார்களா என்பதைப் பொறுத்து இருபது முப்பது கிலோமீட்டர் முன்னே பின்னே வரும்.

இந்த 8,230 என்பது பூமியின் மேற்பரப்பில் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி. சுவரில் மாட்டிய உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து இழுக்கிற கோடு அது அல்ல. அப்படி இழுத்தால் கோடு அரபிக்கடல், ஓமன் வளைகுடா, இராக் பக்கம் போகும். நீளமும் சுமார் 8,480 கிலோமீட்டர் வரும். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, சென்னையில் நூலின் ஒரு முனையையும் லண்டனில் மறு முனையையும் வைத்து இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் வடக்கே ஏறிப் போகும். நாசிக் நகரத்தின் மேல், பாகிஸ்தானின் சிந்து–பலூசிஸ்தான் எல்லை ஓரம், கிழக்கு ஈரானில் பிர்ஜந்த் அருகே, அப்புறம் காஸ்பியன் கடல். சரிபாதித் தூரம் முடிவது அந்தக் கடலில்தான், அஜர்பைஜானின் பாகு நகரத்துக்குக் கொஞ்சம் தெற்கே. சென்னையிலிருந்து லண்டனுக்குப் பாதி வழி எங்கே என்று என்னோடு வேலை பார்த்த புதியவர்களிடம் கேட்பது என் வழக்கம். துபாய், குவைத், இஸ்தான்புல் என்றெல்லாம் சொல்வார்கள். பாகு என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

பாகுவைத் தாண்டினால்தான் சிக்கல். நூல் ரஷ்யாவின் வடக்குக் காக்கசஸ், அசோவ் கடல், உக்ரைனின் கெர்சோன் பகுதி என்று போய், மேற்கு உக்ரைனைக் கடந்து, பிராக் நகரத்துக்கும் டிரெஸ்டனுக்கும் இடையே ஜெர்மனிக்குள் நுழைகிறது. அதாவது, குறுக்கு வழியின் நல்ல பங்கு ஒரு போர்க்களத்தின் மேல் இருக்கிறது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. அதற்கு முன்பே, 2014 ஜூலை 17 அன்று ஆம்ஸ்டர்டாமிலிருந்து கோலாலம்பூர் போய்க்கொண்டிருந்த எம்எச்17 விமானம் கிழக்கு உக்ரைன் மேல் சுட்டு வீழ்த்தப்பட்டு, அதில் இருந்த 298 பேரும் இறந்தார்கள். ஆகவே இன்று சென்னை–லண்டன் விமானம் எதுவும் அந்த நூலின் மேல் போகாது. காஸ்பியன், காக்கசஸ் பக்கம் வந்தாலும் அங்கிருந்து தெற்கே இறங்கி, ஜார்ஜியா, கருங்கடல் அல்லது துருக்கி, ருமேனியா என்று சுற்றித்தான் ஐரோப்பாவுக்குள் போக வேண்டும். அதையும் விட்டுவிட்டு அரபிக்கடல், வளைகுடா வழியாகத் தெற்கே போகிற நாட்களும் உண்டு.

உக்ரைனோடு முடிந்தால் பரவாயில்லை. 2019 பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியபோது நான் வேலையில் இருந்தேன். ஏற்கெனவே தயாராக இருந்த ஐரோப்பிய ஃப்ளைட் பிளான்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. புது வழி போட்டால் எரிபொருள் போதவில்லை. எரிபொருளைக் கூட்டினால் எடை கூடியது. எடையைக் குறைக்கச் சரக்கை இறக்கச் சொன்னோம். இறக்கியவற்றில் நிறைய மாம்பிஞ்சும் முருங்கைக்காயும் இருந்ததாக லோடிங் ஆட்கள் பிறகு சொன்னார்கள். அந்த வழி முழுதாகத் திறக்க ஜூலை நடுப்பகுதி ஆகிவிட்டது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் மறுபடி மூடியது, ஆனால் இந்திய நிறுவனங்களுக்கு மட்டும். அதனால் ஒரே ஊரிலிருந்து ஒரே ஊருக்குப் போகும் இரண்டு விமானங்கள், வாலில் எந்த நாட்டுச் சின்னம் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேறு வேறு தூரம் பறக்கிற விசித்திரம் நடந்தது. அதே ஆண்டு ஜூன் 13 அன்று ஈரான், இராக், இஸ்ரேல், ஜோர்டான் வான்வெளிகள் ஒரே நாளில் மூடப்பட்டன; பாதி வழியில் திரும்பிய விமானங்களும் உண்டு. டிசம்பரில் உங்கள் அப்பா பறக்கிற நாளில் எந்தக் கதவு திறந்திருக்கும் என்று இப்போதே சொல்ல எந்த டிஸ்பாட்ச்சராலும் முடியாது. உண்மையான பிளான் புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்புதான் பிறக்கிறது.

ஆகவே உண்மையில் பறக்கிற தூரத்துக்கு நான் 8,700 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். இது அனுபவத்தில் சொல்கிற உத்தேசம். ஒரு நாள் 8,500 ஆகலாம், இன்னொரு நாள் 9,000-ஐத் தொடலாம். 8,230 உறுதி, 8,700 உத்தேசம் என்ற வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நேரம். 787, ஏ350 போன்ற பெரிய விமானங்கள் 11, 12 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகத்தில் 85 சதவீதத்தில் பறக்கும். அந்தக் குளிரில் அது மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர். 8,230-ஐ 900-ஆல் வகுத்தால் 9 மணி 9 நிமிடம். இணையத் தளங்கள் இப்படி வகுத்து, ஏறி இறங்க ஒரு அரை மணி நேரத்தைச் சேர்த்துத்தான் 9.40, 9.50 என்று காட்டுகின்றன. கணக்கு தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் காற்று இல்லை.

விமானத்துக்கு 900 என்பது காற்றைப் பொறுத்த வேகம். காற்றே நகர்ந்தால்? காவிரியில் புதுத் தண்ணீர் வரும்போது எதிர் நீச்சல் போட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. குளிர்காலத்தில் வட இந்தியா, பாகிஸ்தான், ஈரான் மேல், ஏறக்குறைய விமானங்கள் பறக்கிற அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பது அதுதான். அதன் நடுப்பகுதியில் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவது அதிசயமல்ல. வழி முழுக்க அப்படி இருக்காது. விமானம் அதைக் குறுக்காகவும் சாய்வாகவும் கடக்கும். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் குளிர்காலத்தில் 60 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்று வைப்பது நியாயமான கணக்கு. அப்போது லண்டன் போகும்போது தரையைப் பொறுத்த வேகம் 840, அதே காற்றில் திரும்பி வந்தால் 960. 8,700 கிலோமீட்டரைப் போக 10 மணி 21 நிமிடம், வர 9 மணி 4 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், ஒன்றே கால் மணி நேர வித்தியாசம்.

போகும்போது இழந்தது வரும்போது கிடைத்துவிடும், கூட்டிக் கழித்தால் சரியாகப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. காற்றே இல்லாவிட்டால் போக வர 19 மணி 20 நிமிடம். மேலே சொன்ன காற்றில் 19 மணி 25 நிமிடம். எதிர்க்காற்றில் இருக்கிற நேரம்தான் அதிகம் என்பதால் அது எடுத்துக்கொள்வதைச் சாதகக் காற்று முழுதாகத் திருப்பித் தருவதில்லை. ஐந்து நிமிடம்தானே என்று தோன்றும். தினமும் பறக்கிற ஒரு தடத்துக்கு ஓர் ஆண்டு எரிபொருளில் அது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர்களைக் கேட்டால்தான் வலி தெரியும்.

இங்கே கொஞ்சம் திசை மாறிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாக் காலத்திலும் காற்று மேற்கிலிருந்து வருவதில்லை. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவின் மேல் மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்று ஓடும். இந்திய வானிலை ஆய்வாளர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் இதைப் பற்றி எழுதித்தான் உலகம் கவனித்தது. அந்த மாதங்களில் சென்னையிலிருந்து மேற்கே கிளம்பினால் முதல் இரண்டு மணி நேரம் பின்னாலிருந்து ஒருவர் தள்ளிவிடுகிற மாதிரி இருக்கும். உங்கள் அப்பா டிசம்பரில் வந்து மே மாதம் திரும்புவதால் அவருக்கு இது பயன்படாது. டிசம்பரில் எதிர்க்காற்று வலுவாக இருக்கும். மே மாதம் அந்தக் காற்று ஆறு வடக்கே நகர்ந்து வலுவிழக்கத் தொடங்கியிருக்கும். அதனால் திரும்பும்போது முதுகில் கிடைக்கிற உதவியும் குறையும். இரண்டு பக்கமும் கொஞ்சம் நஷ்டம்தான்.

டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் மட்டுமல்ல. கதவு மூடி விமானம் நிற்குமிடத்தை விட்டு நகர்வது முதல், இறங்கி மறுபடி நிற்பது வரை. எங்கள் பேச்சில் பிளாக் டைம். சென்னையில் ஓடுபாதை வரை ஊர்ந்து போக ஒரு கால் மணி, ஹீத்ரோவில் அதே அளவு. அதற்கு மேல், தாமதம் என்று பெயர் வாங்காமல் இருக்க நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடும். கூட்டுவதற்குக் காரணமும் இருக்கிறது. ஹீத்ரோவில் இரண்டே ஓடுபாதைகள். ஆண்டுக்கு 4,80,000 விமானங்கள்தான் ஏறி இறங்கலாம் என்று உச்சவரம்பு. கிட்டத்தட்ட முழுதும் நிரம்பி ஓடுகிறது. வரிசை நீண்டால் நான்கு இடங்களில் விமானங்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிச் சுற்றவிடுவார்கள்: பாவிங்டன், லேம்போர்ன், ஆக்கம், பிக்கின் ஹில். பத்து, இருபது நிமிடம் அங்கே போகலாம்.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருவோம். டிக்கெட்டில் உள்ள நேரங்கள் எப்போதும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. டிசம்பரில் லண்டன் இந்தியாவுக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். காலை 5.40க்கும் 11.10க்கும் இடையே தெரிகிற ஐந்தரையோடு இந்த ஐந்தரையைக் கூட்டுங்கள், 11 மணி நேரம். இங்கிலாந்தில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதால் மே மாதம் வித்தியாசம் நாலரைதான். மதியம் 1.15 முதல் மறுநாள் 4.00 வரை தெரிகிற பதினாலே முக்காலிலிருந்து நாலரையைக் கழித்தால் 10 மணி 15 நிமிடம். ஆக 11 மணி போக, பத்தே கால் மணி வர. டிக்கெட்டைப் படிக்க இந்தக் கணக்கு உறுதியானது; காற்று, போர் எதுவும் இதை மாற்றாது. அப்பாவிடம் சொல்ல வேண்டிய எண்ணும் இதுதான். 8,230-ஐ அவர் நண்பர்களிடம் பெருமையடிக்க வைத்துக்கொள்ளட்டும்.

லண்டனுக்கும் சென்னைக்கும் இடையே 11 மணி நேரம் என்பதே ஒரு காலத்தில் கற்பனைக்கு எட்டாதது. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் பையோடு பறந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அதைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். லண்டனிலிருந்து கராச்சி வரை அந்தத் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் என்ற பிரிட்டிஷ் விமான நிறுவனம் கொண்டுவந்து சேர்க்கவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

துபாய் வழியாகப் போட்டால் சீட்டு மலிவு, ஆனால் ரொம்பச் சுற்று என்று உங்கள் நண்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். சுற்று என்பது சரியில்லை. சென்னை–துபாய் சுமார் 2,930 கிலோமீட்டர், துபாய்–லண்டன் சுமார் 5,500. கூட்டினால் 8,430, நேர் நூலைவிட 200 கிலோமீட்டர்தான் அதிகம். தோஹா வழியாக 8,530 அளவில் வரும். கூடுதல் தூரத்தால் வானத்தில் இழப்பது கால் மணி, இருபது நிமிடம்தான். மிச்சமெல்லாம் தரையில்: இறங்குவது, பாதுகாப்புச் சோதனை, அடுத்த வாசலைத் தேடி நடப்பது, காத்திருப்பது, மறுபடி ஏறுவது. பழகியவர்களுக்கு அது ஒரு காபி நேரம். முதல் முறை தனியாக வரும் ஒருவருக்கு, ஆங்கில அறிவிப்புகளுக்கு நடுவே, அதுதான் முழுப் பயணத்திலும் கஷ்டமான பகுதி. நீங்கள் நேரடி விமானம் எடுத்தது நல்ல முடிவு. உதவியாளர் வசதி வேண்டும் என்று முன்கூட்டியே நிறுவனத்தில் சொல்லி வைத்தால் ஹீத்ரோவில் வெளியே வரும் வரை கூடவே ஒருவர் வருவார்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, மாத்திரை எப்போது என்றும் கேட்டிருந்தீர்கள். அது மருத்துவர் சொல்ல வேண்டியது, நான் அல்ல. மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய தகவலை மட்டும் தருகிறேன். அன்றைக்கு அவருடைய காலைப் பொழுது முடியவே முடியாது. இருட்டில் புறப்படுவார், விமானம் மேற்கே ஓடுவதால் சூரியன் மெதுவாகத்தான் ஏறும், இரண்டு வேளை சாப்பாடு கொடுத்து முடித்த பிறகும் லண்டனில் மணி 11.10 என்று இருக்கும், சென்னையில் மாலை 4.40. இதைத் தாளில் எழுதிக் காட்டி, எந்த ஊர் மணிப்படி எதைப் போட வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொன்று, கும்பகோணத்திலிருந்து மீனம்பாக்கம் 300 கிலோமீட்டர்தான், ஆனால் சாலையில் ஆறேழு மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். அதிகாலை 5.40 விமானத்துக்கு முதல் நாள் சாயங்காலமே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். அந்த ராத்திரித் தூக்கம் போகும் என்பதையும் சேர்த்துத்தான் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முடிந்தால் ஒரு நாள் முன்பே சென்னைக்கு வந்து தங்கட்டும்.

விமானத்தை நீங்கள் மொபைலில் பின்தொடர்வீர்கள், தெரியும், எல்லாரும் செய்வதுதான். கடலின் மேலோ மத்திய ஆசியப் பக்கமோ படம் திடீரென்று காணாமல் போனாலோ, கருங்கடல் பகுதியில் விமானம் இல்லாத இடத்தில் இருப்பதாகக் காட்டினாலோ பதற வேண்டாம். அங்கே தரையில் சிக்னல் வாங்கும் கருவிகள் குறைவு. போர்ப் பகுதிகளின் அருகே ஜிபிஎஸ் சிக்னலைக் குழப்புவதும் நடக்கிறது. விமானிகளுக்கு இடம் தெரிய வேறு வழிகள் இருக்கின்றன. கடைசியில் எசெக்ஸ் பக்கம் லேம்போர்ன் மேல் விமானம் வட்டம் போடத் தொடங்கினாலும் கவலை இல்லை. மாற்று விமான நிலையத்துக்குப் போகும் எரிபொருளும், அதற்கும் மேல் அரை மணி நேரம் பறக்கும் எரிபொருளும் இல்லாமல் எந்தப் பிளானும் போடப்படுவதில்லை. இறங்கிய பிறகு குடிவரவு, பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வட்டம் போடுவதைப் பார்த்த பிறகு நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பினாலும் அவருக்கு முன்னால் போய் நிற்கலாம். வரும்போது ஒரு தடித்த கோட்டு எடுத்து வாருங்கள். டிசம்பரில் கும்பகோணத்துச் சால்வை அங்கே தாங்காது.